சாரணர் இயக்கத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளை சாரணர் (ஸ்கவுட்) படையில் சேர ஆசைப்பட்டு வீட்டில் கேட்கும். "படிப்பு கெட்டுவிடும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறோம். அதே பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகு, சான்றிதழ் உதவும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாமே ஆசிரியரைத் தேடிப் போகிறோம். பெற்றோர் செய்யும் தவறுகளில் இதுதான் முதன்மையானது, திருத்திக்கொள்ளவும் கடினமானது.

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பத்து வயதிலேயே சாரணராகவோ சாரணியராகவோ சேரலாம். அதற்கும் இளைய சிறுவர்களுக்குக் குருளையர், சிறுமியருக்கு நீலப்பறவையர் என்ற பிரிவுகள் இருக்கின்றன. சேர்ந்தவுடன் சின்னம் கிடைத்துவிடாது. சில மாதங்கள் பயின்று பிரவேஷ் எனும் நுழைவு நிலையை முடித்து, உறுதிமொழி ஏற்ற பிறகுதான் உறுப்பினர் சின்னம். அதன் பிறகு பிரதம், துவிதீய, திருதீய சோபான்கள் எனும் மூன்று படிகள், மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார் விருது, கடைசியாகக் குடியரசுத் தலைவர் விருது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே மாதக்கணக்கில் பயிற்சி உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிற பிள்ளை இரண்டாவது படியில் கால் வைக்கும்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்து நிற்கும். ரயில்வே வேலைவாய்ப்பில் சாரணர் ஒதுக்கீடு இருப்பது உண்மைதான். ஆனால் அதற்குத் தகுதியான விருதுகளை ஓராண்டு அவசரத்தில் வாங்க முடியாது. அப்படி வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது, குழுவை நேரில் பார்க்காமல் சேர்ப்பது. தேசிய மாணவர் படை, ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அதனால் சீருடையும் அணிவகுப்பும் இருந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் மட்டும் சீருடையை எடுக்கும் குழுக்களும், சிறப்பு விருந்தினர் வந்தால் வரிசையில் நிறுத்துவதற்கு மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடும் குழுக்களும் உண்டு. அங்கே உங்கள் பிள்ளை வெயிலில் நிற்கப் பழகும், வேறெதுவும் பழகாது. ஒரு மாலை போய்ப் பாருங்கள். வாரந்தோறும் கூடுகிறார்களா, கயிறும் திசைகாட்டியும் பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா, சாரண ஆசிரியர் இயக்கத்தின் அடிப்படைப் பயிற்சியாவது முடித்தவரா, கடைசியாக முகாம் போனது எப்போது என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

அணிகள் இருக்கின்றனவா என்பதை அவசியம் பார்க்க வேண்டும். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சோதனை முகாமிலேயே சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் அவர்களில் ஒருவரிடமே ஒப்படைத்தார். சாரணியத்தின் உயிர் இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஆறேழு பேர் சேர்ந்து சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், சமாதானமாவார்கள், கூடாரம் கட்டுவார்கள். "என் பையனை அவன் நண்பன் இருக்கும் அணிக்கு மாற்றுங்கள்" என்று கேட்கப் போகும் பெற்றோர், பிள்ளை அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடத்தையே தட்டிப் பறிக்கிறார்கள்.

முகாமுக்குப் பை கட்டும் வேலையும் இப்படித்தான். அம்மா இரவெல்லாம் உட்கார்ந்து அழகாக அடுக்கிக் கொடுத்திருப்பார். முகாமில் இருட்டியதும் டார்ச் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. பையைத் தரையில் கவிழ்ப்பான். சோப்பு டப்பா, துண்டு, முறுக்குப் பொட்டலம் எல்லாம் மண்ணில் கிடக்கும், டார்ச் மட்டும் பக்கவாட்டு ஜிப்புக்குள் பத்திரமாக இருக்கும். பட்டியலைப் பிள்ளையிடம் கொடுத்து அவனையே அடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். ஒன்றிரண்டை மறந்தால் மறக்கட்டும், மருந்தையும் தண்ணீர் பாட்டிலையும் மட்டும் சரிபாருங்கள். முதல் முகாமுக்கே விலை உயர்ந்த பையும் மலையேறும் ஷூவும் வாங்க வேண்டாம். நன்றாகப் பழகிய பழைய ஷூவே காலைக் கடிக்காது.

கற்றுக்கொள்வதில் அவசரப்படுத்துவதும் தவறுதான். முகாமில் தட்டு அடுக்கப் பரண் அமைக்க மூங்கில்களைக் குறுக்காக வைத்துச் சதுரக் கட்டுப் போடுவார்கள். நெட்டாக நிற்கும் மூங்கிலில் கிளவ் ஹிட்ச் முடிச்சில் தொடங்கி, இரண்டையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி, பிறகு இரு மூங்கில்களுக்கும் இடையே கயிற்றின் மேலேயே இரண்டு சுற்று போட்டு இறுக்கி முடிக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்த இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. படம் வரைந்து மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வில் தேறிவிடும், பரண் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் சரியும். சரிந்த பரணைத் தானே அவிழ்த்து மறுபடி கட்டுகிற பிள்ளைக்கு அது வாழ்நாளுக்கும் மறக்காது. எந்தச் சின்னம் வாங்கினாய் என்று கேட்பதைவிட, இந்த வாரம் எதைக் கட்டினாய், எப்படிக் கட்டினாய் என்று கேளுங்கள்.

உடல்நிலையை மறைப்பதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை ஆகியவற்றை எழுதினால் முகாமுக்கு அழைத்துப் போக மாட்டார்களோ என்று பயந்து படிவத்தில் "எதுவுமில்லை" என்று எழுதிக் கையெழுத்திடும் பெற்றோர் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசியுங்கள். இரவில் படுக்கையை நனைக்கும் பழக்கம் இருந்தால்கூட ஆசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். நீச்சல் தெரியாததையும் சொல்லுங்கள்.

எங்கே போகிறார்கள் என்று கேட்காமல் சம்மதக் கடிதம் கொடுக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் சாரணர்கள் இல்லை. ஆனால் கோடையில் காய்ந்த புல்லுக்கு யார் என்ற வேறுபாடு தெரியாது. அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி வாங்கியாயிற்றா, ஆறோ அணையோ பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடுவார்களா, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேட்பது உங்கள் உரிமை.

பெண் பிள்ளைகளை வாராந்தரக் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டு, இரவு தங்கும் முகாம் என்றதும் நிறுத்திவிடுகிறோம். அவர்களுக்குள்ள தேர்வுகளிலும் முகாம் ஒரு பகுதி. நிறுத்துவதற்கு முன், உடன் வரும் சாரணிய ஆசிரியை யார், தூங்கும் இடமும் கழிப்பறையும் தனியாக இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். பதில் தெளிவாக இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் அந்த முகாமுக்குப் பையனையும் அனுப்ப வேண்டாம்.

பள்ளியில் படையே இல்லை என்றால் ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. பள்ளி சாராத குழுக்களிலும் பிள்ளைகள் சேரலாம். தலைமை ஆசிரியரிடமோ மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்திலோ கேட்டால் மாவட்ட சாரணர் பொறுப்பாளர் யார் என்று சொல்வார்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து போனால், பயிற்சிக்குச் செல்லத் தயாராக ஓர் ஆசிரியரும் கிடைத்தால், உங்கள் பள்ளியிலேயே ஒரு படையைத் தொடங்கிவிடலாம்.