பிக்சல் முகம் தட்டையாகவோ உப்பலாகவோ தெரிகிறதா?

பிக்சல் ஆர்ட்டில், அதாவது சின்னச் சதுரப் புள்ளிகளால் படம் வரையும் முறையில், 64-க்கு 64 பிக்சலில் முகம் வரையும்போது பலர் ஓரமெல்லாம் இருட்டு, நடுவில் வெளிச்சம் என்று ஷேடிங் போட்டுவிடுகிறார்கள். முகம் தலையணை மாதிரி உப்பித் தெரிவது அதனால்தான். முதலில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். இடப்பக்க மேல்மூலையிலிருந்து என்றால், மூக்கின் வலப்பக்கம், கீழுதட்டுக்கு அடியில், தாடைக்குக் கீழே கழுத்தில் நிழல் விழும். அந்தக் கழுத்து நிழலை மட்டும் தயங்காமல் அழுத்தமாகப் போடுங்கள், தாடை சட்டென்று முன்னால் வந்துவிடும்.

தோலுக்கு நான்கைந்து நிறம் போதும். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் அழுக்காகத் தெரியும்; சிவப்பு, ஊதா பக்கம் நகர்த்துங்கள். அப்புறம் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றாகத் தெரிந்தால் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம்) போதவில்லை, நிழல் நிறத்தை இன்னும் இருட்டாக்குங்கள்.