மாடல் ராணுவ லாரி: பெயிண்ட் உரிந்த தோற்றத்துக்கு ஹேர்ஸ்ப்ரே

1/35 அளவு (நிஜ லாரியில் 35-ல் ஒரு பங்கு) மாடல் லாரியில் உரிந்த பெயிண்டைத் தூரிகையால் வரைவதைவிட ஹேர்ஸ்ப்ரே முறைதான் நிஜமாகத் தெரியும். துருநிற லாக்கர் பெயிண்ட் (தண்ணீரில் கரையாத வகை) அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். மேலே ஹேர்ஸ்ப்ரே மெல்லிசாக 2 கோட். 15 நிமிடம் கழித்து, தண்ணீரில் கலக்கிய பச்சை அக்ரிலிக் பெயிண்ட் அடியுங்கள். இந்தப் பச்சையைக் கலக்க லாக்கர் தின்னர் (லாக்கர் பெயிண்டை நீர்க்க வைக்கும் கரைப்பான்) வேண்டாம். அது ஹேர்ஸ்ப்ரேயையும் பெயிண்டையும் சேர்த்துப் பிடித்துவிடும், பிறகு சரியாக உரியாது. தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், சின்னச் சின்ன இடமாகத் தண்ணீர் தடவி, முனை வெட்டிய கெட்டித் தூரிகையால் தேயுங்கள். அடியில் இருக்கும் ஹேர்ஸ்ப்ரே தண்ணீரில் இளகி, பச்சை உரிந்து துருநிறம் தெரியும்.

பூட்ஸ் கால் வைத்து ஏறும் படிக்கட்டு, பின்கதவின் மேல்விளிம்பு, பெட்டிகள் இழுபடும் தளம் இவை உரியட்டும். கேபின் கூரையை அதிகம் தொடாதீர்கள். வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகே சேறு, தூசி வேலை. இல்லையென்றால் அந்த ஈரத்திலேயே பச்சை மறுபடி கழன்று வரும்.