டக்ளஸ் எக்ஸ்பி-42: பால்சா மரத்தில் மாதிரி செதுக்கும் முறை

கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் 1944 மே 6 அன்று முதன்முறையாக வானேறிய டக்ளஸ் எக்ஸ்பி-42, இரண்டே முன்மாதிரிகளோடு நின்றுபோன அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். இரண்டு எஞ்சின்களையும் உடலுக்குள் ஒளித்து, சுழல்விசிறிகளை வாலின் நுனிக்குத் தள்ளிய அந்த வடிவத்தைக் கையால் செதுக்கிப் பார்க்கும்போதுதான் வடிவமைப்பாளர் எட்வர்ட் பர்ட்டனின் துணிச்சல் முழுமையாக விளங்குகிறது. உண்மையான இறக்கை நீளம் ஏறக்குறைய 21.5 மீட்டர், உடல் நீளம் 16.4 மீட்டர்; 1:72 அளவில் இவை முறையே 29.8, 22.7 சென்டிமீட்டர் ஆகும்.

மரத்தைத் தொடுவதற்கு முன், எந்த நிலையில் இருந்த விமானத்தைச் செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். முதலில் விமானிக்கும் துணைவிமானிக்கும் தனித்தனிக் குமிழ்க் கூரைகள் இருந்தன. இருவரும் பேசிக்கொள்வது கடினமாக இருந்ததால் பின்னர் ஒற்றைக் கூரையும் பொருத்தப்பட்டது. 1947-இல் பறந்த எக்ஸ்பி-42ஏ என்ற மாற்றியமைத்த வடிவத்தில் இறக்கைகளின் கீழ் இரண்டு ஜெட் எஞ்சின்கள் சேர்ந்தன. வெவ்வேறு ஆண்டுகளின் படங்களைக் கலந்து செய்தால் எந்நாளிலும் இல்லாத ஒரு விமானமே உங்கள் மேசைமேல் நிற்கும். இரட்டைக் குமிழ் கொண்ட தொடக்க நிலையையே நான் பரிந்துரைக்கிறேன்.

உடலுக்கான கட்டையில் பக்கத்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் வரைந்து, கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மீதியை உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். விமானி அறைக்குப் பின்னே இரண்டு அலிசன் எஞ்சின்கள் பக்கம் பக்கமாக அமர்ந்து, நீண்ட தண்டுகள் வழியாக வாலிலுள்ள விசிறிகளைச் சுழற்றின. ஆகவே நடுப்பகுதியின் பருமனைக் குறைத்துவிடாதீர்கள். மூக்குக்குள் துளையிட்டுத் தூண்டில் ஈயக்குண்டுகளை இப்போதே அடைத்துவிடுவது நல்லது. இல்லையெனில் முடிந்த மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு வால்மேல் உட்கார்ந்துவிடும்.

இறக்கையில்தான் பொறுமை தேவை. எஞ்சின் கூடு எதுவும் இல்லாத வழவழப்பான இறக்கையே இவ்விமானத்தின் வேகத்துக்கு அடிப்படை என்பதால், பட்டி பார்த்து, காயவிட்டு, மீண்டும் தேய்த்து, விரல் நுனிக்கு எந்த மேடும் தட்டாத வரை விடாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று நுழையும் பிளவுகளை இறக்கையின் முன்விளிம்பில், உடலை ஒட்டிய பகுதியில் வெட்டுங்கள். பின்விளிம்பிலிருந்த துப்பாக்கிகள் கதவுகளுக்குள் மறைந்திருந்தவை. அங்கே மெல்லிய கோடுகள் போதும்.

குமிழ்க் கூரைகளுக்கு, காலியான மாத்திரை அட்டையில் அளவொத்த ஒளிபுகும் குமிழ்களை நறுக்கிக்கொள்ளலாம்.

வாலுக்கு வருவோம். மேலும் கீழுமாக நிற்கும் செங்குத்துத் துடுப்புகளில் கீழ்த்துடுப்பு, விசிறி தரையில் உரசாமல் காப்பது. அதற்கும் தரைக்கும் இடைவெளி குறைவு என்பதால் உண்மை விமானத்தை வானேற்றுவதிலும் தரையிறக்குவதிலும் மிகுந்த கவனம் வேண்டியிருந்தது. சக்கரக் கால்களின் நீளத்தை இதை வைத்தே சரிபாருங்கள். அடுத்தடுத்து அமைந்த இரு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. ஒவ்வொன்றிலும் மூன்று இதழ்கள். பிளாஸ்டிக் தயிர்க் கிண்ணத்தின் வெளிச்சுவரில் மூன்று இதழ்களை வலப்பக்கம் சாய்த்தும், மூன்றை இடப்பக்கம் சாய்த்தும் வரைந்து வெட்டினால், கிண்ணத்தின் வளைவே இருவகை முறுக்கையும் தந்துவிடும். ஆறையும் ஒரே பக்கம் சாய்த்துவிடுவதுதான் இங்கே நேரும் பெரும்பிழை. தள்ளும் விசிறியாக இருந்தாலும், இதழின் புடைத்த பக்கம் விமானத்தின் மூக்கை நோக்கியே இருக்க வேண்டும்.

வெள்ளி வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி முடித்த பின், விசிறித் தொகுதியை ஃபெவிகால் வைத்து ஒட்டிவிடாமல், குண்டூசியில் கோத்துக் கழற்றக்கூடியதாகப் பொருத்துங்கள். உண்மை விமானத்திலும், குதித்துத் தப்புபவர்கள்மேல் விசிறி பட்டுவிடாதிருக்க, அதை வெடிவைத்துக் கழற்றிவிடும் ஏற்பாடு இருந்தது. லாங் பீச்சிலிருந்து வாஷிங்டனுக்கு 5 மணி 17 நிமிடத்தில் பறந்து சாதனை படைத்த அதே மாதத்தில், 1945 டிசம்பர் 16 அன்று இரண்டாம் முன்மாதிரி விழுந்து நொறுங்கியபோது, விசிறிகளைக் கழற்றிவிட்டுக் கடைசியாகக் குதித்த விமானி ஃபிரெட் அஸ்கானி உட்பட மூவரும் உயிர்தப்பினார்கள்.