பற்று மட்டும் எழுதிய பேரேடு: கால்பந்து சீசன் முடிந்து பேக்குகளையும் கீப்பரையும் எடைபோடும்போது நாம் செய்கிற தவறுகள்

எங்கள் கால்பந்து அணியின் கடைசி ஆட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காரைக்குடியில் பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டின் முகப்புத் திண்ணையில் நாங்கள் கூடுவது வழக்கம். வீட்டுக்காரர்கள் வெளியூரில். காவலுக்கு இருக்கிற ஐயாவுக்கு எங்கள் பையன்கள் மேல் ஒரு பிரியம். வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்டினியும் ஒரு சுற்று வந்து போகும். அப்புறம்தான் பேச்சு: அடுத்த வருஷம் யார் ஆடுவது, யாரை உட்கார வைப்பது.

ஃபார்வர்டுகள் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கோல் அடித்தானா, அடிக்கவில்லையா, அவ்வளவுதான். பின்களத்தில் நின்று தடுக்கிற பேக்குகள் (நடுவில் நிற்பவன் ஸ்டாப்பர், ஓரத்தில் நிற்பவன் சைடு பேக்), கீப்பர் என்று வரும்போதுதான் குரல் உயரும். காரணம் எளிது. ஃபார்வர்டு செய்தது எல்லார் கண்ணெதிரிலும் நடந்திருக்கும். பேக் ஒழுங்காக ஆடினால் எதுவுமே நடந்திருக்காது. நடக்காமல் போனதை யார் ஞாபகத்தில் வைத்திருப்பார்கள்? அதனால் வாங்கிய கோல்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தீர்ப்புச் சொல்கிறோம். மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மா போய் வந்தவர்களின் ஊர் இது. வரவை விட்டுவிட்டுப் பற்றை மட்டும் எழுதிய பேரேட்டை அந்தக் காலத்து முதலாளி யாராவது ஏறெடுத்துப் பார்த்திருப்பாரா?

கூட்டத்தில் நாங்களே செய்த தவறுகள்தான் கீழே இருப்பதில் பாதி.

பந்துக்குப் பக்கத்தில் நின்றவன் தலையில் பழி

தேவகோட்டையில் ஓர் ஆட்டம். எதிரணிப் பையன் எங்கள் ஸ்டாப்பரைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான். ஸ்டாப்பர் செம்மண்ணில் சறுக்கி, மல்லாக்கக் கிடந்தான். அந்தக் காட்சிதான் எல்லார் மனதிலும். "விழுந்து கிடந்தான்பா, அவனை நம்பி எப்படி?" என்று திண்ணையில் ஒருவர் ஆரம்பித்தார். நல்லவேளை, மதில் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பையன் அதைப் போனில் எடுத்து வைத்திருந்தான். பின்னால் ஓட்டிப் பார்த்தோம்.

கோலுக்குப் பத்து, பன்னிரண்டு விநாடிக்கு முன்னால், பாஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் எங்கள் நடுக்கள ஆள் இரண்டு பேரை வெட்டப் பார்த்துப் பந்தை விட்டிருக்கிறான். வலது சைடு பேக் அப்போது எதிரணி கார்னர் கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறான், திரும்பி ஓடிவர மனமில்லை. இரண்டு பேரை எதிர்த்து ஸ்டாப்பர் தனி ஆள். அவன் பாய்ந்து விழவில்லை. பின்வாங்கி, பின்வாங்கி, பந்து வைத்திருந்தவனை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறான். நான்கு விநாடி தாமதப்படுத்தியிருக்கிறான், எண்ணிப் பார்த்தோம். அந்த நான்கு விநாடியில் மற்றொரு ஸ்டாப்பர் உள்ளே வந்து மூடியிருக்க வேண்டும். வரவில்லை. வேறு வழியில்லாமல் கடைசியில் காலை விட்டான், சறுக்கினான். அந்த ஆட்டத்தில் பின்களத்தில் சரியாக ஆடிய ஒரே ஆள் அவன்தான் என்று எனக்குப் பட்டது. திண்ணையில் அவன் பெயரைத்தான் முதலில் அடிக்கப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொரு கோலுக்கும் நான்கு விஷயம் எழுதுவோம்: பந்து எங்கே பறிபோனது, யார் எதிர்கொண்டிருக்க வேண்டும், பின்னால் யார் மூடியிருக்க வேண்டும், கடைசியில் யார் அருகே நின்றது. நான்காவதுதான் நம் கண்ணில் படும். தப்பு பெரும்பாலும் முதல் மூன்றில் இருக்கும்.

கோலாகாமல் தப்பித்ததையும் எழுத வேண்டும், இதை லேசில் விடாதீர்கள். எதிரணி ஆள் தனியாகக் கீப்பர் முன்னால் வந்து நின்று வெளியே அடித்துவிட்டால் நாம் மூச்சுவிட்டுக்கொண்டு மறந்துபோகிறோம். பின்களம் செய்த தப்பு இரண்டிலும் ஒன்றேதான், அடித்தவன் குறி மட்டும்தான் வேறு. ஒரு சீசனில் வாங்குகிற கோல்கள் கொஞ்சம். அவற்றை மட்டும் வைத்து ஓர் ஆளை அளக்க முடியாது. தப்பித்தவற்றையும் சேர்த்தால்தான் ஒரு பழக்கம் கண்ணுக்குத் தெரியும்.

டேக்கிளை எண்ணிப் பாராட்டுவது

காலை விட்டுப் பந்தைப் பிடுங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இடம் தெரிந்து நிற்கிற பேக்குக்கு அது அடிக்கடி தேவைப்படாது. பாஸ் போகிற வழியிலேயே அவன் நிற்பதைப் பார்த்து எதிரணி பந்தை வேறு பக்கம் திருப்பிவிடும். நோட்டில் அவனுக்குப் பூஜ்யம் விழும்.

பெரிய இடத்திலும் இந்தப் பேச்சு உண்டு. 2001 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் தன் ஸ்டாப்பர் யாப் ஸ்டாமை இத்தாலியின் லாட்சியோ அணிக்கு விற்றது. அவருக்கு அப்போது 29 வயது. டேக்கிள் எண்ணிக்கை குறைந்துபோனது அந்த முடிவுக்கு ஒரு காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. காயம், நல்ல விலை என்றும் காரணம் சொல்வார்கள். எதுவாயினும், விற்றது தவறு என்று மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். விற்று நான்கு வருஷம் ஆன பிறகும், 2005-ல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஸ்டாம் மிலன் அணியின் பின்களத்தில் நின்றார்.

'கிளியர்' பண்ணுவதும் இதே ரகம். ஓங்கி உதைத்தால் பந்து ரோட்டுக்குப் போகும், கூட்டம் ஆரவாரிக்கும், அடுத்த நொடி த்ரோ எதிரணிக்கு. நெருக்கடியில் அது சரி. பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோதும் உதைப்பவனைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

பேக் அடிக்கிற கோலையும் தனியாகத்தான் வைக்க வேண்டும். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதிப் போட்டியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சென்னையின் எஃப்.சி.யின் ஸ்டாப்பர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார், 3-2 என்று கோப்பை வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் தடுப்பாட்டத்தை எடைபோட உட்காரும்போது அந்த இரண்டு கோலும் தராசில் ஏறக்கூடாது. எங்கள் ஊரில் கார்னரில் கோல் போடுகிற ஸ்டாப்பருக்கு அடுத்த சீசனிலும் இடம் உறுதி. அவன் பின்னால் எத்தனை பேர் ஓடிப் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒருவனைத் தனியே பிரித்துப் பார்ப்பது

இது கொஞ்சம் சுருக்கமாகவே. இடது சைடு பேக் பலவீனம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அவனுக்கு முன்னால் அதே ஓரத்தில் ஆடிய விங்கர் திரும்பி ஓடிவந்தானா என்று பாருங்கள். ஸ்டாப்பர்கள் இரண்டு பேரையும் ஜோடியாகவே பாருங்கள். வேகமான ஆளோடு ஆடும்போது நிதானமான ஆள் நன்றாகத் தெரிவான். இரண்டு நிதானம் சேர்ந்தால் இரண்டு பேருமே மோசமாகத் தெரிவார்கள். தப்பு ஜோடி சேர்த்தவருடையது. அதாவது நம்முடையது.

கோல் வாங்காத ஆட்டங்களை வைத்துக் கீப்பரை அளப்பது

2004-05-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் செல்சி 38 ஆட்டங்களில் வாங்கியது வெறும் 15 கோல். பீட்டர் செக் அபாரமான கீப்பர், சந்தேகமில்லை. அவருக்கு முன்னால் ஸ்டாப்பர்கள் ஜான் டெர்ரி, ரிக்கார்டோ கார்வால்யோ. அவர்களுக்கும் முன்னால் நடுக்களத்தில் மகெலெலே. இத்தனை கதவு தாண்டித்தான் பந்து கீப்பரிடம் வர வேண்டும். அதே கீப்பரை ஓட்டைப் பின்களத்துக்குப் பின்னால் நிறுத்தினால் எண்கள் வேறு கதை சொல்லும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கீப்பரை நோக்கி மூன்று பந்து வந்தது, ஒன்று உள்ளே. இன்னொருவரை நோக்கிப் பன்னிரண்டு, மூன்று உள்ளே. முதல் ஆள் ஒரு கோல், இரண்டாம் ஆள் மூன்று கோல். திண்ணையில் முதல் ஆளுக்குத்தான் ஓட்டு விழும். பிடித்த விகிதம் பார்த்தால் அவருக்கு மூன்றில் இரண்டு, மற்றவருக்கு நான்கில் மூன்று. இதோடும் நிற்கக்கூடாது. பெனால்டியில் ஏறக்குறைய நான்கில் மூன்று உள்ளே போய்விடும். முப்பது மீட்டரிலிருந்து நேராக வருகிற உருட்டுப் பந்து உள்ளே போகவே கூடாது. இரண்டையும் 'ஒரு கோல்' என்று எழுதுவது, கடன் வாங்கியவனையும் களவு கொடுத்தவனையும் ஒரே வரியில் எழுதுவது மாதிரி.

பெரிய அணிகள் ஒவ்வொரு அடிக்கும் கோலாகும் வாய்ப்பைக் கணினியில் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. நமக்கு மூன்று குறி போதும்: கீப்பரால் ஆகாதது, பிடித்தால் பெருமை, பிடித்தே ஆக வேண்டியது. மூன்றாவது வகையில் விட்டால் பற்று. முதல் இரண்டு வகையில் தடுத்தால் வரவு. மீதியை விட்டுவிடலாம்.

வெளியே வராத கீப்பருக்கு நல்ல பெயர்

இதைத்தான் நான் அதிகம் அழுத்துவேன். ஓரத்திலிருந்து உயரமாகப் பந்து வருகிறது. ஒரு கீப்பர் கோலை ஒட்டியிருக்கிற சின்னக் கட்டத்தைத் தாண்டி வந்து கூட்டத்துக்கு நடுவே எம்பிப் பிடிக்கிறான். பத்தில் ஒன்று நழுவுகிறது, அது கோலாகிறது, ஊரே பார்க்கிறது. இன்னொருவன் கோட்டை விட்டு நகரவே மாட்டான். அவன் கையில் பந்து நழுவுவதே இல்லை, தொட்டால்தானே நழுவும்! எதிரணி ஆள் ஐந்து மீட்டரில் நின்று தலையால் முட்டிக் கோல் போட்டால் "ஸ்டாப்பர் ஏன் விட்டான்?" என்கிறோம். வந்திருக்க வேண்டிய பந்துக்கு வராமல் போனதற்கும் ஒரு பற்று எழுதுங்கள். எழுதிப் பார்த்த முதல் சீசனிலேயே எங்கள் இரண்டு கீப்பர்களின் வரிசை தலைகீழாக மாறியது.

பெனால்டியிலும் இப்படி ஒரு கண்கட்டு உண்டு. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, கிட்டத்தட்ட 29 சதவீதப் பந்துகள் நடுவில்தான் வந்தன. கீப்பர்கள் நடுவிலேயே நின்றது 6.3 சதவீதம்தான். பாய்ந்து கோல் விட்டால் முயற்சி, நின்று கோல் விட்டால் சோம்பேறித்தனம் என்கிற பேச்சுக்குப் பயந்து பாய்கிறார்கள். அந்தப் பேச்சைத் திண்ணையில் பேசுகிறவர்கள் நாம்தான்.

1992-லிருந்து கூட்டாளி காலால் வேண்டுமென்றே தள்ளிவிடுகிற பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக்கூடாது. ஆகவே கால் வேலையும் பார்க்க வேண்டும். 2025-லிருந்து எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். பந்தைக் கட்டிப்பிடித்து நேரம் கடத்துகிற கீப்பரை இனி அனுபவசாலி என்று புகழ முடியாது.

ஒரே ஆட்டத்தை வைத்துத் தலையெழுத்து எழுதுவது

1950 ஜூலை 16, உலகக் கோப்பையைத் தீர்மானித்த ஆட்டம், பிரேசிலின் மரக்கானா மைதானம். உருகுவே 2, பிரேசில் 1. உருகுவேயின் இரண்டாவது கோலைப் போட்ட கிஜ்ஜியா, முதல் கோலுக்கு அதே வலது ஓரத்திலிருந்து பந்தை நடுவே அனுப்பியவர். பிரேசில் கீப்பர் பார்போசா இந்த முறையும் அப்படித்தான் வரும் என்று அரையடி நகர்ந்தார். பந்து அவருக்கும் முதல் போஸ்டுக்கும் நடுவே போனது. அவர் கணித்ததில் என்ன தப்பு? ஒருவனை ஒரே ஓரத்தில் இரண்டு முறை தாண்ட விட்டது யார் என்று கேட்டிருக்க வேண்டும். பார்போசா 2000-ல் இறக்கும்வரை பழி அவரை விடவில்லை.

2018 மே 26, கீவ் நகரம். சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் லிவர்பூல் கீப்பர் காரியுஸ் உருட்டிய பந்து எதிரணியான ரியல் மாட்ரிட்டின் பென்சிமா காலில் பட்டு உள்ளே போனது. அப்புறம் அதே அணியின் பேல் தூரத்திலிருந்து அடித்தது கையில் பட்டு நழுவியது. சில நாள் கழித்துப் பரிசோதித்த அமெரிக்க மருத்துவர்கள், அந்த ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி ஏற்பட்டிருந்ததாகத் தெரிவித்தார்கள். எங்கள் கீப்பருக்கும் ஒரு செமி ஃபைனலில் தலையில் இடி விழுந்தது. தண்ணீர் தெளித்து "ஒண்ணுமில்லடா" என்று நிறுத்தி வைத்தோம். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வயதைக் காட்டிக் கழிப்பதும் வேண்டாம். டினோ சோஃப் 1982 உலகக் கோப்பையை இத்தாலிக் கேப்டனாகத் தூக்கியபோது வயது 40. எகிப்தின் எல் ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் ஒரு பெனால்டியைத் தடுத்தார். நம் ஊரில் தவறு மறுபக்கம் நடக்கிறது. ஓட முடியாத பையனைக் கோலில் நிறுத்துவது, ஒரு சீசன் பார்த்துவிட்டு பதினேழு வயதில் "இவன் தேற மாட்டான்" என்று அனுப்புவது. கீப்பருக்குப் பக்குவம் மெதுவாகத்தான் வரும்.

கேட்காமலே தீர்ப்பு

எங்கள் நோட்டில் ஒரு விசித்திரம் தெரிந்தது. சொந்த மைதானத்தில் வாங்கிய கோல்களில் பாதிக்கு மேல் இரண்டாம் பாதியில், ஒரே பக்கத்துக் கோலில். கீப்பருக்கு ஸ்டாமினா போதவில்லை என்று ஒருவர். பின்களம் தளர்ந்துவிடுகிறது என்று இன்னொருவர். அரை மணி நேரம் விவாதம். கீப்பர் அதே திண்ணையின் தூணோரம் உட்கார்ந்து பணியாரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் காவல்கார ஐயாதான், "அந்தப் பயலயே கேளுங்கப்பா" என்றார்.

"அந்தக் கோல் மேக்கே பாத்து நிக்குதுண்ணே. அஞ்சரை மணிக்கு வெயிலு நேரா மூஞ்சியில அடிக்கும். உசரமா வந்தா பந்தே தெரியாது."

மைதானத்தின் வாகு அப்படி. கோல்கள் கிழக்கும் மேற்குமாக நிற்கின்றன. இரண்டு சீசனாக அவனைத் திட்டியிருக்கிறோம். கீப்பர் தொப்பி அணியலாம், ட்ராக் பேன்ட்டும் போடலாம், ஆட்டவிதியிலேயே இருக்கிறது. அன்று சாயங்காலமே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இரண்டையும் வாங்கினோம். டாஸில் ஜெயித்தால் எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ட்ராக் பேன்ட் வந்த பிறகுதான் பையன் இன்னொன்றையும் சொன்னான்: இத்தனை நாள் வலது பக்கம் பாயத் தயங்கியது, இடுப்பில் ஆறாமல் இருந்த செம்மண் சிராய்ப்பால்.