நனைந்த கார்ட்டன் வாசம் வந்தால் வைத்துவிடுங்கள்: ஷப்லி ஒயினை எடைபோடுவது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் நான். துணியைத் தொட்டதும் ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) சொல்லிவிடுவேன், ஒயினில் மட்டும் லேபிளைப் பார்த்துப் பல வருஷம் ஏமாந்தேன். பிரான்ஸ் பையர் ஒருவர் வரும்போதெல்லாம் ஷப்லி கொண்டுவருவார், அவர் நாட்டு ஷப்லி வட்டாரத்து வெள்ளை ஒயின். அவரிடம் கற்றதும் நான் காசைத் தொலைத்துக் கற்றதும்தான் இது.

முதலில் குளிர்ச்சி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் மட்டமான ஒயினும் தப்பித்துக்கொள்ளும். ஷப்லிக்கு 10 முதல் 12 டிகிரி சரி. நம்ம ஊர் சித்திரைச் சூட்டில் ஃபிரிட்ஜுக்கு வெளியே கொஞ்ச நேரம் வைத்தால் போதும். கண்ணாடி கிளாஸில் கால்வாசி ஊற்றுங்கள். சில்வர் டம்ளர் வேண்டாம், நிறம் தெரியாது.

இளசான ஷப்லி வெளிறி, லேசாகப் பச்சை கலந்திருக்கும். ஒரு கடையில் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கவைத்திருந்த பழைய பாட்டிலை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். ஊற்றினால் கடுங்காப்பித் தண்ணி நிறம், நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசம். காற்றுப் பட்டுக் கெட்ட ஒயின் அது.

அப்புறம் மூக்கு. குடோன் ஒழுகி கார்ட்டன் பெட்டி நனைந்தால் ஒரு வாடை வருமே, அது வந்தால் கார்க்கின் கோளாறு. உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஒயின்தான் போச்சு. நல்லதில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் ஈரம். ஷப்லி மண் சுண்ணாம்புக்கல், அதில் குட்டிச் சிப்பிகளின் புதைபடிவம் கிடக்கும். அந்த மண்ணே வாசமாக ஏறுகிறது என்பார் பையர், நான் நம்பவில்லை.

ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டி விழுங்குங்கள். மாங்காய் கடித்தது போல எச்சில் ஊற வேண்டும். ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனசுக்குள் எண்ணுங்கள். என் தராசு இதுதான். பெத்தி ஷப்லி, ஷப்லி, ப்ரெமியே க்ரூ, கிரான் க்ரூ என்று கீழிருந்து மேலாகத் தரத்தில் நான்கு படி. நான்கிலும் ஷார்டனே திராட்சைதான். விலை ஒரு படி ஏறினால் எண்ணிக்கையும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேருக்குக் கொடுத்த காசு. இங்கே விலையில் வரியும் ஏறியிருப்பதால், விலையே தரம் என்று நினைக்காதீர்கள். என் காசுக்கு நான் வெறும் ஷப்லியோடு நின்றுகொள்கிறேன்.

பள்ளிபாளையம் சிக்கனோடு ஒருமுறை வைத்தேன். அந்த மிளகாய்க்கு முன்னால் அது வெறும் புளித்தண்ணி. அடுத்த முறை அரிசிம்பருப்பும் நெய்யும் வைத்தோம். பையர் கிளாஸை மறந்து தட்டை நீட்டினார்.