வண்டலூரில் கார் செய்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது எப்படி?

வண்டலூர் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் ஹெரால்டு கார் 1961இல் தயாராகத் தொடங்கியது. அன்று இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. 1985இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 காரைச் செய்தவர்களில் பலரும் ஓய்வு பெற்றிருப்பார்கள். எந்த ஆண்டு எந்த மாடல் என்பதை எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். வேலை எப்படி நடந்தது என்பது அவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. அதனால் இந்த மாதமே ஆரம்பியுங்கள்.

முதலில் ஆளைத் தேட வேண்டும். பெருங்களத்தூர், தாம்பரம் பக்கம் பழைய மெக்கானிக் கடைகளில் விசாரியுங்கள். ஒருவர் கிடைத்தால் போதும், கூட வேலை பார்த்தவர்களை அவரே சொல்லிவிடுவார்.

முதல் சந்திப்பில் பேசிவிட்டு மட்டும் வாருங்கள். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்று விளக்கி, தமிழிலேயே ஒரு சம்மதக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பதிவு நாளன்று வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். ஃபேன் சத்தம் பேச்சையே விழுங்கிவிடும், அதை நிறுத்தியாக வேண்டும். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

கேள்விதான் முக்கியம். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "ஐயா, கேட்டுக்குள்ளே நுழைஞ்சதும் எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேளுங்கள். டோக்கன், ஷிஃப்ட், கேண்டீன், பக்கத்தில் நின்றவர் என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு ஹெரால்டு படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அந்தக் காரில் பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கம் சாய்ந்து திறக்கும். மூடும்போது கதவுக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது பெரியவரின் கைகளும் சேர்ந்து பேசும். அதனால் வீடியோவும் எடுங்கள், முகத்தோடு கைகளும் தெரியட்டும். அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். தொழிற்சாலை மூடியதைப் பற்றிக் கடைசியில் கேட்கலாம், அவருக்கு விருப்பம் இருந்தால் மட்டும்.

அன்றிரவே கோப்புக்குப் பெயர், தேதி, ஊர் போட்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். அப்புறம் எழுத்தில் இறக்குங்கள். டிங்கரிங், ஃபிட்டிங் என்று அவர் சொன்ன பட்டறைச் சொற்களை மாற்ற வேண்டாம். எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். விட்டுப்போன பெயர்கள் பெரும்பாலும் அப்போதுதான் நினைவுக்கு வரும்.