டிக்கியில் வெந்த வைன்

மெல்பர்னில் கோடை விடுமுறை தொடங்கியதும் நம் ஆட்கள் குடும்பத்தோடு யாரா பள்ளத்தாக்குக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு மூன்று திராட்சைத் தோட்டங்களில் வைன் ருசி பார்த்து, பிடித்ததைப் பெட்டியாக வாங்கி, வீட்டில் அப்பாவுக்கும் மச்சானுக்கும் ஊற்றிக் கொடுத்து அசத்த வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் போன வருஷம் ஒருவர் விழுந்த குழியில் இந்த வருஷம் இன்னொருவர் விழுகிறார். அதில் பாதி நானும் விழுந்து எழுந்த குழிதான். கிளாஸை எங்கே பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது என்பதையெல்லாம் தோட்டக்காரர்களே சொல்லித் தருவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வெயிலில் விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். காலையில் கோல்ட்ஸ்ட்ரீம் பக்கம் வாங்கிய பெட்டி டிக்கிக்குள் போகும். பிறகு குழந்தைகளுக்காக ஹீல்ஸ்வில் விலங்குச் சரணாலயம், அதற்குப் பிறகு சாப்பாடு. ஜனவரி வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். வைன் பத்திரமாக இருப்பது 12, 13 டிகிரியில். சூடேறினால் உள்ளே இருப்பது விரிந்து கார்க்கை நெட்டித் தள்ளும். ஆறியதும் அதே இடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும்.

வீட்டுக்கு வந்தாலும் கண்டம் தீர்வதில்லை. 'வைன் பழசாகப் பழசாக நல்லா இருக்கும்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள், பெட்டி தகரக் கூரை போட்ட கராஜுக்குப் போகும். நண்பர் ஒருவர் அப்பாவின் எழுபதாம் பிறந்தநாளுக்கென்று பினோ நுவார் என்ற நல்ல சிவப்பு வைன் வாங்கி, இரண்டு கோடை அப்படி வைத்திருந்தார். எல்லோர் முன்னாலும் பாட்டிலைத் திறந்தார். மேலுறைக்கு அடியில் பிசுபிசுப்பு. கார்க் விளிம்புக்கு மேல் ஒரு அரிசி உயரம் எழும்பியிருந்தது, பக்கவாட்டில் மேலே வரை சிவப்புக் கோடு. கிளாஸில் செர்ரி வாசனை துளிகூட இல்லை, அடிப்பிடித்த ஜாம் வாடைதான் வந்தது. அப்போதாவது வேறு பாட்டில் எடுத்திருக்கலாம். ஊற்றிவிட்டார். அப்பா ஒரு வாய் குடித்தார். "இதுக்கா இவ்வளவு காசு?" அதற்கப்புறம் அவர் வைன் பக்கமே வரவில்லை. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், அந்த முதல் வாய் போனது போனதுதான்.

திருகு மூடி என்றால் இன்னும் மோசம், வெளியே எந்த அடையாளமும் காட்டாது. 2000-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் தயாரிப்பவர்கள் சிலர் சேர்ந்து அந்த மூடிக்கு மாறினார்கள். இப்போது இங்கே பெரும்பாலான பாட்டில் அதுதான். மூடி காற்றைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது.

டிக்கியில் ஐஸ் பெட்டி ஒன்று போட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் கடைசியாக நிற்கும் தோட்டத்தில் மட்டும் வாங்குங்கள். வீட்டில் தெற்குப் பக்க அறை அலமாரியின் அடித்தட்டு போதும் (இந்த நாட்டில் தெற்குதான் குளிர்ச்சி). ஃபிரிட்ஜ் தலைமேல் வைக்கவே வேண்டாம். கடையில் வாங்கும் சாதாரண வைனில் பெரும்பாலானது ஓரிரு வருஷத்தில் குடிப்பதற்கென்றே செய்தது. எதற்குப் பூட்டிவைக்கிறீர்கள்?

சிவப்பு வைனை 'அறை வெப்பத்தில்' ஊற்றுவது

அது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. 28 டிகிரி ஹாலில் ஷிராஸ் மாதிரி சிவப்பு வைன் வெறும் சாராய நெடியாகத்தான் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

காரத்தோடு மோதவிடுவது

மட்டன் சுக்காவுக்கு 15 சதவீதம் ஆல்கஹால் உள்ள, பரோசா பகுதி ஷிராஸ் வைத்தால் நாக்கு இரட்டிப்பாக எரியும், துவர்ப்பும் சேர்ந்துகொள்ளும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங்கை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள்.

வாசனையைத் திணிப்பது

லேபிளில் பிளாக்கரன்ட் பழ வாசனை என்று போட்டிருந்தால், பிளாக்கரன்டைக் கண்ணால் பார்க்காத அத்தையிடமும் "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்பார்கள். என் அம்மா குடிப்பதில்லை, முகர்ந்து மட்டும் பார்ப்பார். பத்து வருஷத்து ரீஸ்லிங் ஒன்றை நீட்டினேன். "ரேஷன் கடை மண்ணெண்ணெய் வாடைடா." எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு மேசையில் சரியாகச் சொன்னவர் அவர்தான். வயதான ரீஸ்லிங்கின் அடையாளமே அந்த வாடை.

மிளகும் இப்படித்தான். குளிர்ப் பிரதேச ஷிராஸில் மிளகு மணக்கக் காரணம் ரோட்டன்டோன் என்ற பொருள். நம் மிளகிலும் இருப்பது அதேதான். ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்தார் இதை 2008-இல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்ததில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை. ஆகவே மனைவி "மிளகா? ஒன்றும் வரலையே" என்றால் அவர் மூக்கோடு சண்டை போடாதீர்கள்.

விலையைச் சொல்வது

சாப்பிட்டு முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது

கூடவே கூடாது.

கணக்கை மறப்பது

13.5 சதவீத பாட்டில் ஒன்றில், இந்த நாட்டுக் கணக்குப்படி எட்டு அளவு ('ஸ்டாண்டர்ட் டிரிங்க்') மது இருக்கிறது. அரசு வழிகாட்டுதல் ஒருவருக்கு வாரத்துக்குப் பத்து அளவைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நாலு பேருக்கு ஒரு பாட்டில் திறந்தால் போதும். மிஞ்சினால் சிவப்பானாலும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும்.